சொரியாசிஸ்காரருக்குத் துணை நிற்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டுமா?

2024 ஆகஸ்ட் 18, காலை. தேவகோட்டை வாசகி கேட்டது

ஆச்சி, எனக்கும் சொரியாசிஸ்தான். முழங்கை, முழங்கால், தலை. இப்போது கட்டுக்குள் இருக்கிறது. உங்களைப் போல மற்ற நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவர்களுக்காகப் பேசவும் எனக்கு ஆசை. வீட்டுக்காரர் கேட்கிறார்: "நீ என்ன டாக்டரா? மருந்தும் சொல்லக் கூடாது, ஊசியும் போடக் கூடாது. அப்புறம் அங்க போய் என்ன பண்ணுவ?" எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வதும் சரிதானோ என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 18, இரவு

மருந்து சொல்லாமல் இருப்பதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

ஜி.எச். ஓ.பி.யில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிஷம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "அரிக்குது சார்." அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் விரல் மடக்க வரவில்லை என்பதைச் சொல்வதில்லை. போன மாசமே மாத்திரையை நிறுத்தியதைச் சொல்வதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசும் களிம்பைச் சொல்வதில்லை. குழந்தைக்கு முயற்சி செய்வதை வாயே திறப்பதில்லை. இவை நாலும் தெரிந்தால் டாக்டர் எழுதும் சீட்டே வேறாக இருக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான் பேச்சுக் கொடுத்து, இதையெல்லாம் ஒரு அரைத்தாளில் அவர்கள் கையாலேயே எழுத வைக்கிறேன். எழுதத் தெரியாதவருக்கு நான் எழுதி வாசித்துக் காட்டுகிறேன். உள்ளே போனதும் அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வைப்பார்கள். இதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம்.

எனக்கு வந்தது காலேஜ் படிக்கும்போது. முதலில் தலையில் பொடுகு என்றார்கள், பிறகு படை என்றார்கள். அப்பத்தா வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொண்டார்கள். பெயர் தெரிய வெகுகாலம் ஆயிற்று. என்னைப் பேச வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. நான் கல்யாணப் பலகாரம் செய்து கொடுக்கிறவள். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம். ஆர்டர் கொடுக்க ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். மேல்தட்டில் இருந்த டின்னை எடுக்கக் கையைத் தூக்கினேன். ரவிக்கைக் கைக்குக் கீழே முழங்கையைப் பார்த்துவிட்டார்கள். அட்வான்ஸ் தருகிறோம் என்று எழுந்து போனவர்கள் திரும்பவில்லை. "ஆச்சி தப்பா நினைக்கப்படாது" என்று ஆள்விட்டுச் சொன்னார்கள்.

அன்றைக்கு என்னை அறுத்தது ஆர்டர் போனது இல்லை. அவர்கள் முகம் மாறிய நொடியில் இது என்ன நோய் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான். இப்போது சொல்வேன்: "இது தொட்டால் ஒட்டாது, சாப்பாட்டிலும் பரவாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறி, சுமார் 28 நாளில் வளர்ந்து உதிர வேண்டிய தோல் மூணு நாலு நாளிலேயே வளர்ந்து குவிகிறது." தேவகோட்டைத் தங்கச்சி, முதலில் இந்த இரண்டு வாக்கியத்தையும் உங்கள் வாய்க்குப் பழக்கமாக்குங்கள். வீட்டுக்காரரிடமே சொல்லிப் பழகலாம்.

ஆகஸ்ட் 21

தனிமடலில் இருவர் கேட்டிருக்கிறார்கள்: மருந்து சொல்லக் கூடாது என்றால் மருந்தைப் பற்றியே பேசக் கூடாதா?

பேச வேண்டும். டாக்டர் எழுதிய மருந்தை எழுதிய மாதிரியே சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது நம் வேலைதான். இதில் உயிர் போகிற இடம் ஒன்று உண்டு. மெதோட்ரெக்ஸேட்.

சொரியாசிஸுக்கு இது பழைய மாத்திரை, விலை குறைவு, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினம் விழுங்கிப் பழகிய வீட்டில் இதையும் தினம் விழுங்கிவிடுகிறார்கள். புதுவயல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படித்தான். மெடிக்கல் கவரில் "காலை 1" என்று மட்டும் கிறுக்கியிருந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை என்று மகள் போன் செய்தார். வாய்ப்புண் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாத்திரை அட்டையைப் பார்த்து, எத்தனை காலியாக இருக்குன்னு சொல்லும்மா" என்றேன். அவர் எண்ணிச் சொன்னதும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அட்டையோடு போங்கள் என்றேன். ரத்த அணுக்கள் ரொம்ப இறங்கியிருந்தன. அட்மிட் செய்து காப்பாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மார்க்கர் பேனா இல்லாமல் நான் வெளியே போவதில்லை. அட்டையின் மேல் கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்: "வியாழன் மட்டும்." எந்தக் கிழமை என்பதை டாக்டர் முன்னால் நோயாளியே சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ச் சந்தை நாள் நல்லது, மறக்காது. மற்றொரு நாளுக்கு ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை எழுதியிருப்பார்கள், இரண்டு அட்டையும் ஒரே மஞ்சள் நிறமாக இருந்தால் வேறு வேறு டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 22

நேற்று விட்டுப்போனவை. மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர் குடிக்கக் கூடாது, ஈரல் தாங்காது. சொன்ன தேதியில் பிளட் டெஸ்ட் எடுக்க வேண்டும். நீர்க்கடுப்பு, சளி என்று மெடிக்கலில் கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமி மருந்தை வாங்கி இதோடு சேர்த்துப் போடுவது ஆபத்து. கல்யாணமான பெண்கள் கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், இந்த மாத்திரை கருவைக் கெடுக்கும். மாமியார் பக்கத்தில் நின்றால் அந்தப் பெண் சொல்ல மாட்டாள். மாமியாரை டீ வாங்கி வர அனுப்புவதும் நம் வேலைதான்.

செப்டம்பர் 3

"களிம்பு பூசினால் நாலே நாளில் போய்விடுகிறது, டாக்டர் எதற்கு?" என்று காளையார்கோயில் நண்பர் எழுதியிருந்தார். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

மெடிக்கலில் "படைக்கு ஏதாவது கொடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த ட்யூப். படர்தாமரைக்கும் அதுவே, சொரியாசிஸுக்கும் அதுவே. நாலு நாளில் அமுங்கும், நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வரும். படர்தாமரையாக இருந்தால் ஸ்டீராய்டுக்கு அடியில் உடம்பெல்லாம் பரவும். மாசக்கணக்கில் பூசினால் தோல் காகிதமாக மெலிந்து, தொடையிடுக்கில் கோடு கோடாகக் கிழியும். தோல் டாக்டர்கள் சங்கம் இதற்காகவே தனியாக ஒரு செயற்குழு வைத்துக் கத்தியது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஹெச் அட்டவணையில் சேர்த்தது. காகிதத்தில் இருக்கிறது. கடையில் இன்னும் கேட்டால் கொடுக்கிறார்கள்.

ஸ்டீராய்டு களிம்பே விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் அது நல்ல மருந்து, நானும் பூசுகிறேன். பயமுறுத்துவது ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும். சொரியாசிஸ் உள்ளவர் அதைப் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க்கொப்புளம் கிளம்பி, காய்ச்சலோடு படுக்க நேரும். பெயரெழுதாத பொட்டலத்தில் "மூலிகைப் பொடி" என்று வருவதிலும் இது கலந்திருந்தால் நமக்குத் தெரியப் போவதில்லை.

உடனே சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று என் மேல் பாயாதீர்கள். சித்தத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர் வைத்து, வெட்பாலைத் தைலம் கொடுக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் படித்த டாக்டர் இருக்கிறார், அங்கே போங்கள். இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தும் தெரிந்திருக்கட்டும். மஞ்சள் பையில் வீட்டிலுள்ள எல்லா ட்யூபையும் தைலத்தையும் பொடியையும் அள்ளிப் போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஒன்றைக்கூட ஒளிக்க வேண்டாம்.

செப்டம்பர் 15

ஆத்தங்குடியில் டைல்ஸ் கல் போடும் தொழிலாளி ஒருவருக்காகப் போன வாரம் அலைந்தேன். கண்ணாடி மேல் வர்ணத்தை ஊற்றிப் பூப்போட்டு, சிமெண்டும் மணலும் நிரப்பிக் கல் எடுக்கிற வேலை. ஈரச் சிமெண்டில்தான் நாள் முழுக்கக் கை. உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் "ஆச்சிக்கு வந்ததுதான் இவனுக்கும்" என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

நான் பெயர் வைக்கவில்லை. ஈரச் சிமெண்டே தோலை அரிக்கும், அதிலுள்ள குரோமியம் உப்பு சிலருக்கு அலர்ஜியாகும். சொரியாசிஸாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தாளில் நான் எழுத வைத்தது: என்ன வேலை, எத்தனை மணிநேரம், லீவு நாளில் குறைகிறதா, கல்லில் கை வைக்காத வீட்டார் யாருக்காவது இருக்கிறதா, நகத்தில் ஊசியால் குத்தின மாதிரி குழி இருக்கிறதா. டாக்டர் அந்தத் தாளை முழுசாகப் படித்தார். நகத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். சிமெண்ட் ஒவ்வாமை என்றார்.

அதோடு முடிந்ததா? கையுறை போட்டால் பூ சரியாக விழாது என்கிறார் தொழிலாளி. முதலாளியிடம் போய் உட்கார்ந்தேன். கை ஆறும்வரை பேக்கிங்கில் போடுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள் என்று கேட்டேன். முதல் பாதிக்கு உடனே சம்மதித்தார். இரண்டாம் பாதிக்கு மறுநாளும் போக வேண்டியிருந்தது.

இவருக்குச் சொரியாசிஸ் இல்லையே, ஏன் அலைந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு: பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் முதலில் நோயின் பெயரைக் கேட்டுவிட்டா பேசுவது?

செப்டம்பர் 15, கொஞ்ச நேரம் கழித்து

காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாக முளைக்கும். 1870களில் கோப்னர் என்ற ஜெர்மன் டாக்டர் கவனித்து எழுதியது. அவர் பார்த்த நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் வந்ததாம். நம் ஊரில் குதிரை இல்லை. குன்றக்குடியிலும் பழனியிலும் முடி இறக்குவது இருக்கிறது, காது குத்து இருக்கிறது, இடுப்பில் இறுகும் பாவாடை நாடா இருக்கிறது. தலையில் சொரியாசிஸ் கிளம்பியிருக்கும்போது சவரக்கத்தி படாமல் பூமுடி கொடுக்கலாம், வேண்டுதல் நிறைவேறும். பாவாடை நாடாவைப் பட்டையாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 17

"இது குஷ்டம் இல்லைன்னு ஓங்கிச் சொல்லுங்க ஆச்சி, அதுதான் முக்கியம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சொல்கிறேன். ஐரோப்பாவிலேயே இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் ஹெப்ரா என்ற டாக்டர் 1841இல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மரத்திருக்கும். சொரியாசிஸில் உணர்ச்சி போகாது, அரிக்கும், வெள்ளி நிறத்தில் செதில் உதிரும்.

ஆனால் ஓங்கிச் சொல்லும் விதத்தில் எனக்குச் சம்மதம் இல்லை. "ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க" என்று நாம் பதறினால் தொழுநோய் வந்தவரை ஒதுக்குவது நியாயம் என்று நாமும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தொழுநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகிறது. நம் நோய் அப்படி ஒரேயடியாகக் குணமாவது இல்லை. நமக்காகப் பேசப் போய் இன்னொருவர் தலையில் மிதிக்கக் கூடாது.

செப்டம்பர் 29

சலூன் விஷயம். பள்ளத்தூர்ப் பக்கத்துப் பையன். தலையில் பொருக்கு. ஒரு கடையில் துண்டைப் போர்த்தியபிறகு எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரிடம் நான் போய்ப் பேசினேன். ஒட்டாது என்பதை அவர் நம்பினார். "எனக்குச் சரிங்க ஆச்சி. அடுத்த நாற்காலியில் இருக்கிறவர் எழுந்து போனா என் பொழைப்பு?" என்றார். அவர் கேட்டதும் நியாயம். சொந்தச் சீப்பும் துண்டும் கொண்டு வந்து, கடை திறந்ததும் முதல் ஆளாக உட்காருவது என்று பேசி முடித்தோம்.

அக்டோபர் 1

எதிர்பார்த்த எதிர்ப்பு வந்துவிட்டது. "தனிச் சீப்பு, தனி நேரம் என்று ஒத்துக்கொண்டால் ஒதுக்கி வைப்பதற்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகாதா?" என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்.

கேள்வி சரி. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனுக்கு அக்கா கல்யாணம் அந்த வாரம். அவனுக்கு வேண்டியது அன்றைக்கு முடிவெட்டு. கொள்கையில் நான் ஜெயித்து, அவன் பொருக்குத் தலையோடு மணவறைப் பக்கம் நின்றிருந்தால் அது யாருக்கான வெற்றி? அதே சமயம் இதோடு விடவும் கூடாது. நம்மோடு இருக்கிற ஸ்கின் டாக்டரை அழைத்துக்கொண்டுபோய், அந்தத் தெருச் சலூன்காரர்கள் எல்லாரிடமும் அரைமணி பேச வைக்கலாம் என்று இருக்கிறேன். முதலில் அந்த ஆளின் தேவை, பிறகு ஊர். இந்த வரிசையை நான் மாற்ற மாட்டேன். மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள், படிக்கிறேன்.

அக்டோபர் 13

உலக சொரியாசிஸ் தினம் அக்டோபர் 29. 2004இலிருந்து அனுசரிக்கிறார்கள். பல நாட்டு நோயாளிச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. அந்தச் சங்கங்கள் விடாமல் கேட்டுத்தான் 2014 மே மாசம் உலக சுகாதார சபை சொரியாசிஸைப் பற்றித் தீர்மானமே போட்டது. நாள்பட்ட, தொற்றாத, வலியும் முடக்கமும் தருகிற நோய் என்று அதில் இருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இருக்கிறது என்கிறது அது. தேவகோட்டைத் தங்கச்சி, வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். தீர்மானம் போட வைத்தது நோயாளிகளும்தான்.

இந்த வருஷம் 31ஆம் தேதி தீபாவளி. 29 அன்று நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் இருப்பேன், பலகாரக் காலம். யாரும் வர மாட்டார்கள். நோயாளிகள் கூடிப் பேசும் நம் கூட்டத்தை நவம்பருக்குத் தள்ளுகிறேன்.

தீபாவளிக்குக் கறுப்புச் சட்டை எடுக்காதீர்கள், தோளில் செதில் தெரியும். எண்ணெய்க் குளியல் நல்லது, செதில் இளகும். சீயக்காயைத் தலையில் பரபரவென்று தேய்க்க வேண்டாம். குளித்துத் துவட்டிய ஈரத்தோடு தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுங்கள்.

நவம்பர் 11

கூட்டம் நடந்தது. எங்கே வைப்பது என்பதில்தான் யோசனை முழுக்க. பள்ளிக்கூடத்தில் வைத்தால் வாசலில் நிற்கிறவர் யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பார். மண்டபம் என்றால் பேனர் கட்டச் சொல்வார்கள். உறவுக்கார வீடு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நம் பக்கத்து வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். ஆண்கள் முகப்பு வழியாக வந்தார்கள். பெண்கள் பின்தெரு வழியாக அடுப்படி வாசலில் நுழைந்து வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். யார் வந்தது என்று தெருவுக்குத் தெரியவில்லை. நோயின் பெயரை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.

பேச்சாளர் என்று யாரும் இல்லை. டாக்டர் ஒருவர் வந்திருந்தார். வந்தவர்களுக்கு நான் ஒரு தாளைக் கொடுத்துப் பேச வைத்தேன். பிரிட்டனில் வேல்ஸ் பகுதி கார்டிஃப் ஊர் டாக்டர்கள் 1994இல் பத்துக் கேள்வி கொண்ட தாள் ஒன்று செய்தார்கள், டி.எல்.க்யூ.ஐ. என்று டாக்டர்கள் சொல்வார்கள். தோல் நோய் போன ஒரு வாரத்தில் வாழ்க்கையை எவ்வளவு கெடுத்தது என்று கேட்டு 30க்கு மார்க் போடுவது. டாக்டர் கணக்குக்கு அது வேண்டும். அதைத் தவிர நம் ஊருக்கு என்று சில கேள்விகளை நான் வைத்திருக்கிறேன். புளி கரைக்க முடிகிறதா, எரிகிறதா? ஊருணியில் இறங்கிக் குளித்து எவ்வளவு நாளாயிற்று? பந்தியில் பரிமாறக் கூப்பிடுகிறார்களா? பேரப்பிள்ளையைத் தூக்கக் கொடுக்கிறார்களா? செருப்பைக் கழற்றுகிற இடங்களுக்குப் போகிறீர்களா?

பந்திக் கேள்வியில் ஒரு ஆத்தா பிடித்துக்கொண்டார். மகன் கல்யாணத்திலேயே தன்னைச் சமையற்கட்டில் உட்கார வைத்ததைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. பக்கத்திலிருந்தவர் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 12

முக்கியமானது விட்டுப்போயிற்று: போட்டோ. கூட்டத்தில் யாரும் போட்டோ எடுக்கவில்லை, எடுக்க விடவில்லை. புண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி "இது என்ன?" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், நான் பார்ப்பதில்லை, அழித்துவிடுகிறேன். டாக்டருக்குக் காட்ட உங்கள் போனில் தேதியோடு வைத்திருங்கள். மற்றவர் உடம்பு நம் போனில் இருக்கக் கூடாது. நோயாளிக்காகப் பேசுகிறோம் என்று கிளம்பி அவர் கதையை அவருக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே நான் எழுதும் எல்லாமும் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, ஊரை மாற்றி எழுதுவது.

நவம்பர் 24

கல்யாணம். கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா வேண்டாமா? சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. மறைத்துக் கட்டினால் நோயைவிட மறைத்ததுதான் பின்னால் பெரிய குற்றமாக நிற்கும். ஆனால் யார், எப்போது, யாரிடம் சொல்வது என்பதில் எனக்கு இரண்டு மனசு. பெரியவர்கள் கூடியிருக்கும்போது சொன்னால் அந்தப் பேச்சு அடுத்த வட்டகை ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த இடம் தட்டிப்போனாலும் அடுத்த இடத்துக்கு அது முன்னாலேயே போயிருக்கும். பெண்ணும் பையனும் தனியே பேசும்போது அவளே சொல்லட்டும் என்று சில வீடுகளில் நான் சொன்னேன். அதற்கும் ஒரு அம்மான் கேட்டார்: "புள்ளைக மேல அந்தப் பாரத்தை ஏத்தலாமா?" அவர் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

"பிள்ளைக்கு வருமா?" என்பது அடுத்த கேள்வி. பரம்பரைக்குப் பங்கு உண்டு, கட்டாயம் வரும் என்று கிடையாது. இதை டாக்டர் வாயால் சொல்ல வைப்பது நல்லது. இரண்டு வீட்டாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு டாக்டர் கால்மணி நேரம் பேசினார், கல்யாணம் நடந்தது. இன்னொரு இடத்தில் அதே டாக்டர் அதே பேச்சு, நடக்கவில்லை.

டிசம்பர் 8

"நிரந்தரக் குணம், கேரண்டி" என்று நோட்டீஸ் வந்ததாம், ஒருவர் அனுப்பியிருக்கிறார். நிரந்தரமாகக் குணமாக்கும் மருந்து சொரியாசிஸுக்கு இன்றைக்கு எந்த வைத்தியத்திலும் இல்லை. வெகுநாள் அடங்கியிருக்க வைக்க முடியும். கேரண்டி என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். வெண்புள்ளிக்கு இப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. அந்தப் பட்டியலில் சொரியாசிஸ் பெயர் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் நாம் பேச வேண்டிய பேச்சுதான்.

மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். 2016 சட்டத்தில் 21 வகை இருக்கிறது, சொரியாசிஸ் தனியாக இல்லை. மூட்டு நிரந்தரமாகக் கோணி, இயக்கம் போனால் அந்த வகையில் விண்ணப்பிக்கலாம். அந்த நிலைக்கு விடாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு மூட்டும் பிடிக்கும். காலையில் அரைமணிக்கு மேல் விரல் விறைப்பு, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்குவது, குதிகால் வலி. வயசு, வாதம் என்று விட்டுவிடாதீர்கள். தாளில் எழுதுங்கள். எலும்பு தேய்ந்தால் திரும்பாது.

பணக்கணக்கு. ஒளிக்கதிர் சிகிச்சை நன்றாகவே கேட்கிறது, ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். தினக்கூலிக்காரர் எப்படிப் போவார்? டாக்டர் அதை எழுதிக் கொடுத்ததும் நோயாளி தலையாட்டிவிட்டு வெளியே வந்து சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடுவார். அவ்வளவுதான், அடுத்து வர மாட்டார். "இவரால் வாரம் மூணு தடவை வர முடியாது டாக்டர், வேறு வழி இருக்கா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கேட்டால் பெரும்பாலும் வேறு வழி சொல்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியில் தடுமாறுகிற இடத்தை மட்டும் குறிவைக்கும் பயாலஜிக் ஊசிகள் வந்துவிட்டன, பெங்களூர்க் கம்பெனி கியூபா நாட்டு ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து உருவாக்கிய இட்டோலிஸுமாப் 2013இலேயே சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. விலை நம் மக்கள் கைக்கு எட்டுவதில்லை. எட்டுகிறவர்களும் டி.பி. டெஸ்ட் எடுக்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

2025 ஜனவரி 19

பழனிக்கு நடக்கிறவர்களுக்கு. நகரத்தார் காவடியோடு போகிறவர்கள் நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளங்காலில் சொரியாசிஸ் வெடித்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வெறுங்காலோடு நத்தம் ரோட்டில் நடந்தால் வெடிப்பில் சீழ் பிடிக்கும். பருத்திச் சாக்ஸ் போட்டு நடப்பதை முருகன் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாத்திரைக் கிழமை நடையில் வந்தால் தவறாமல் போடுங்கள். விரதம் என்று மருந்தை நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்பி வந்ததும் பொங்குகிறது. தோலுக்கு ஆகாது என்று தேடித்தேடி உணவை ஒதுக்குவதும் வேண்டாம். கத்திரிக்காய், கருவாடு, மீன் என்று எல்லாவற்றையும் நிறுத்தி இளைத்துப்போனவர்களைப் பார்க்கிறேன். குடியும் புகையும் உடம்பு எடையும் இந்த நோயைக் கிளப்பும் என்பது நிச்சயம். கத்திரிக்காய்மேல் அப்படி ஒரு நிச்சயம் இல்லை.

பிப்ரவரி 2

தேவகோட்டைத் தங்கச்சியே எழுதியிருக்கிறார். முதல் முறையாக ஒரு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். டாக்டர் நிமிர்ந்து, "நீங்க யாரு? வெளியில இருங்க" என்றிருக்கிறார். வந்துவிட்டார். அந்த அக்கா தாளையும் பெஞ்சிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம். "நான் போனதில் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார்.

வெளியில் வந்தது சரி. டாக்டரோ நோயாளியோ வெளியே இருங்கள் என்றால் எழுந்து வர வேண்டும், அது அவர்கள் இரண்டு பேருக்குமான நேரம். அடுத்த முறை கதவிலேயே சொல்லுங்கள்: "நான் சொந்தம் இல்லை சார். எனக்கும் இதே நோய். அவங்க எழுதினதைக் கொடுத்துட்டு வெளியில இருக்கேன்." எனக்குத் தெரிந்த டாக்டர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லாதவர்களும் தாளை வாங்கிக்கொண்டார்கள். தாளை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் ஓ.பி. சீட்டோடு குண்டூசியால் குத்திவிடுங்கள், மறந்துபோகாது.

அந்த அக்கா என்ன மருந்தோடு வெளியே வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. வார மாத்திரை இருந்தால் இன்றைக்கே போன் செய்து எந்தக் கிழமை என்று கேளுங்கள். வியாழக்கிழமை நான் சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஒருவரோடு போகிறேன். அவர் சம்மதித்துவிட்டார், நீங்களும் வரலாம். மார்க்கர் என்னிடம் இருக்கிறது. அந்த அக்காவிடம் அவருடைய பழைய ட்யூப்களைப் பற்றிக் கேட்டு வையுங்கள்.